மைக்ரோவேவ் ஓவன் பழுது: முதலில் அளந்து பாருங்கள், பிறகு பாகம் வாங்குங்கள்

தட்டு சுழல்கிறது, விளக்கு எரிகிறது, மின்விசிறி ஓடுகிறது. உள்ளே வைத்தது மட்டும் சூடாகவில்லை. இப்படி ஒரு ஓவன் கைக்கு வந்ததும் "மேக்னட்ரான் போயிருக்கும்" என்று முடிவுகட்டி, அன்றைக்கே புதிதாக ஒன்றை ஆர்டர் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. நுண்ணலையை உண்டாக்கும் பாகம் அது, ஓவனில் விலை அதிகமான பாகங்களில் ஒன்று. அதை மாற்றிய பிறகும் ஓவன் சூடாகாமல், கதவோரத்துச் சின்ன ஸ்விட்ச் ஒன்று கருகியிருப்பது அப்புறம்தான் தெரியவரும். பழுது பார்க்கக் கற்கிறவர் முதலில் பழக வேண்டியது ஒரு வரிசை: அறிகுறியைக் கவனிப்பது, சந்தேகப்படும் பாகத்தை அளப்பது, அளவில் தோற்றதை மட்டும் மாற்றுவது. இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

தேவைப்படும் கருவிகள் கொஞ்சம்தான். ஓம் அளக்கும் மல்டிமீட்டர், கைப்பிடி நன்றாகக் காப்பிடப்பட்ட ஸ்க்ரூ டிரைவர், நீள மூக்குக் குறடு, வெளிமூடித் திருகுக்குப் பொருந்தும் முனை. பல ஓவன்களில் வெளிமூடித் திருகு நட்சத்திர வடிவில், நடுவே ஒரு முளையோடு இருக்கும். சாதாரண முனை அதில் நுழையாது. முனை இல்லாமல் நெம்பித் திறக்கப் பார்த்தால் திருகுத் தலைதான் மழுங்கும்.

திறக்கும் முன் எதற்குப் பயப்பட வேண்டும்

வீட்டில் இருக்கும் மின்சாதனங்களில் மூடியைக் கழற்றியதும் மிக ஆபத்தானது மைக்ரோவேவ்தான். உள்ளே இருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வீட்டு மின்னழுத்தத்தைச் சுமார் 2000 வோல்ட்டாக உயர்த்துகிறது. அடுத்திருக்கும் கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, 4000 வோல்ட் அளவில் மேக்னட்ரானுக்குத் தருகின்றன. இந்த மின்சாரம் மெல்லிசானது அல்ல. ஆளைக் கொல்லும் அளவுக்குப் பின்பலம் உள்ளது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைத் தன்னுள்ளே தேக்கி வைத்திருக்கும். அதை மெல்ல வடியவிட உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 10 மெகா ஓம். அது நன்றாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் வடிந்துவிடும். ஆனால் அந்த ரெசிஸ்டர் போயிருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. அது போயிருந்தால் நேற்று நிறுத்திய ஓவன் இன்றைக்கும் அடிக்கலாம்.

அதனால் மூன்று விதிகள். மூடி கழற்றிய நிலையில் பிளக்கை ஒருபோதும் செருகாதீர்கள், "ஒரு விநாடி பார்த்துவிட்டு எடுக்கிறேன்" என்றுகூட. சாதாரண மல்டிமீட்டரை வைத்து டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தப் பக்கத்தை அளக்கவே கூடாது. மீட்டர் தாங்கும் எல்லை பெரும்பாலும் 600 அல்லது 1000 வோல்ட்தான், அதைத் தாண்டினால் மீட்டருக்குள்ளிருந்து தீப்பொறி கைக்கு வரும். மூன்றாவது, கதவு ஸ்விட்சுகளை ஒயர் போட்டு இணைத்து ஏமாற்றக் கூடாது.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கை தயங்கினால் அந்தத் தயக்கத்தை மதியுங்கள். தட்டு சுழலாதது, மைக்கா தகடு கருகியது போன்ற வேலைகளை வெளிமூடியைத் தொடாமலே செய்யலாம். அவற்றிலிருந்து தொடங்குவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் சர்க்யூட் பலகை இருக்கும் இன்வெர்ட்டர் வகை என்றால், உயர் அழுத்தப் பலகையைப் புதியவர் தொடாமல் இருப்பதே நல்லது. அந்தப் பலகையின் சில பாகங்கள், குளிரூட்டும் உலோகத் தகடு உட்பட, நேரடி மின்சாரத்தில் இருக்கும்.

வெளியிலிருந்தே தெரியும் செய்திகள்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஓவனைக் காதாலும் கண்ணாலும் விசாரியுங்கள். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

முழுக்கச் செத்துக் கிடக்கிறதா? அதே பிளக் பாயின்ட்டில் வேறு ஏதாவது சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். திரையில் எழுத்து வருகிறது, பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் குழந்தைப் பூட்டு விழுந்திருக்கலாம். குறைந்த பவரில் வைத்துவிட்டு "விட்டு விட்டு வேலை செய்கிறது" என்று சொல்பவர்களும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் வகை ஓவனில் அரை பவர் என்றால் மேக்னட்ரான் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடி, கொஞ்ச நேரம் நிற்பது. நடுவில் கேட்கும் "டக்" என்ற சத்தம், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயுடையது. அது பழுது அல்ல.

ஸ்டார்ட் கொடுத்தபின் வரும் ஓசையைக் கவனமாகக் கேளுங்கள். எல்லாம் ஓடுகிறது, வழக்கமான அழுத்தமான ரீங்காரம் மட்டும் இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரமே போகவில்லை. கதவு ஸ்விட்ச், ரிலே, வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்ச் இவற்றைப் பார்க்க வேண்டும். ரீங்காரம் வழக்கத்தைவிடக் கரகரவென்று பலமாக இருந்தால் உயர் அழுத்தப் பக்கத்தில் எங்கோ ஷார்ட். பெரும்பாலும் டயோடு, அடுத்து கெப்பாசிட்டர், அதற்கும் அடுத்துதான் மேக்னட்ரான். ரீங்காரம் வழக்கம் போலவே இருந்தும் சூடு இல்லையென்றால் மேக்னட்ரான் மேல் சந்தேகம் கூடுகிறது.

சில நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்று, ஆறியபின் மறுபடி ஓடுகிறதா? மின்விசிறி சுழலவில்லை, அல்லது காற்றுத் துளைகள் தூசியால் அடைபட்டிருக்கின்றன. வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதை மாற்றுவதில் பயனில்லை, காற்று வழியைத் திறந்துவிடுங்கள்.

கதவைத் திறந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நொடியே பிளக்கைப் பிடுங்குங்கள். பழுது நீங்கும்வரை யாரும் போடாதபடி ஒதுக்கி வையுங்கள்.

மூடியைக் கழற்றுவதும் கெப்பாசிட்டரை வடிப்பதும்

பிளக்கைப் பிடுங்கி, அது உங்கள் கண்ணில் படும்படி மேசைமேல் போடுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். திருகுகளை எடுத்து, மூடியைப் பின்பக்கம் இழுத்துத் தூக்கினால் வந்துவிடும்.

உள்ளே எதையும் தொடாமல் ஒரு நோட்டம் விடுங்கள். வலப்பக்கம் கீழே கனமான டிரான்ஸ்ஃபார்மர். அருகில் முட்டை வடிவ உலோகக் குப்பி போல, இரண்டு முனைகளோடு இருப்பது கெப்பாசிட்டர். அதன் மேல் 2100 வோல்ட் என்றும் சுமார் 1 மைக்ரோஃபாரட் என்ற மதிப்பும் அச்சிட்டிருக்கும். அதன் ஒரு முனையிலிருந்து ஓவனின் உடம்புக்குத் திருகால் இறுக்கிய சிறு கருப்புப் பாகம் டயோடு. மேலே, அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளோடு சதுரப் பெட்டி போல இருப்பது மேக்னட்ரான்.

இப்போது கெப்பாசிட்டரை வடிக்க வேண்டும். இருபுறமும் காப்பிட்ட கிளிப் ஒயர் பொருத்திய, 20 கிலோ ஓம் அளவும் 5 வாட்டுக்குக் குறையாத திறனும் உள்ள ரெசிஸ்டர் ஒன்று இதற்கு ஏற்றது. ஒரு கிளிப்பை ஓவன் உடம்பின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் முதலில் மாட்டுங்கள். மறுமுனையைக் காப்பிட்ட பிடியோடு கெப்பாசிட்டரின் ஒரு முனையில் சில விநாடி வைத்து எடுங்கள், பிறகு இன்னொரு முனையில். அடுத்து, இரு முனைகளுக்கும் குறுக்கே வையுங்கள். இது முடிந்ததும் காப்பிட்ட ஸ்க்ரூ டிரைவரின் தண்டு இரு முனைகளையும் ஒருசேரத் தொடும்படி வைத்துச் சரிபாருங்கள். இந்த நேரத்தில் ஒரு கை மட்டுமே ஓவனுக்குள் இருக்கட்டும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவே இருப்பது இதயம்.

வடித்த பிறகு செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். எந்த ஒயர் எந்த முனைக்குப் போனது என்பதை நினைவில் வைத்திருக்க முடியும் என்று நம்பாதீர்கள்.

ஃபியூஸும் கதவு ஸ்விட்சுகளும்

முழுக்கச் செத்துக் கிடக்கும் ஓவனில் முதல் பார்வை ஃபியூஸுக்கு. பவர் கார்டு உள்ளே வரும் இடத்திலேயே, பீங்கான் குழாய் வடிவில் இருக்கும். கழற்றி ஓமில் வைத்தால் சுழிக்கு அருகில் காட்ட வேண்டும். மின்சாரம் போக வழியில்லாத திறந்த நிலை காட்டினால் போய்விட்டது. எத்தனை ஆம்பியர் என்று அதன் மூடியில் பொறித்திருக்கும், அதே அளவில் அதே பீங்கான் வகையைத்தான் போட வேண்டும். ஒயரைச் சுற்றி வைப்பது, கூடுதல் ஆம்பியர் போடுவது இரண்டும் தீயை அழைப்பது.

ஃபியூஸைப் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எதனால் போனது? மைக்ரோவேவில் இதற்கு அடிக்கடி கிடைக்கும் விடை கதவு ஸ்விட்ச். புதியவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

கதவின் கொக்கிகள் நுழையும் இடத்தில் வழக்கமாக மூன்று சிறு ஸ்விட்சுகள் இருக்கும். இரண்டு ஸ்விட்சுகள் கதவு மூடினால் இணைந்து, திறந்தால் விலகும். மூன்றாவது நேர் எதிர்: கதவு திறந்தால் இணைந்து, மூடினால் விலகும். இதற்குக் கண்காணிப்பு ஸ்விட்ச் என்று பெயர். முதல் ஸ்விட்சின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டு, கதவைத் திறந்தும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், இந்த மூன்றாவது ஸ்விட்ச் வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை ஊதவைக்கும். ஆளின் மேல் நுண்ணலை படாமல் காக்கும் ஏற்பாடு அது. கதவைத் திறக்கும்போதோ மூடும்போதோ ஃபியூஸ் போகிற ஓவனில் இங்கேதான் கோளாறு.

ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒயர்களைக் கழற்றி, மீட்டரை முனைகளில் வைத்து, ஸ்விட்சின் பொத்தானை விரலால் அழுத்தி விடுங்கள். இணையும்போது ஓம் சுழியை ஒட்டியும், விலகும்போது திறந்தும் இருக்க வேண்டும். அழுத்தியபின் சில ஓம் காட்டி ஆடினாலே அந்த ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. முனையில் மாட்டியிருந்த ஒயரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், ஸ்விட்சோடு அந்தக் கனெக்டரையும் மாற்றுங்கள். ஸ்விட்சை மட்டும் மாற்றினால் தளர்ந்த கனெக்டர் புதியதையும் சுட்டுவிடும்.

வாங்கும்போது ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு வகை கிடைக்கும், இயல்பில் திறந்தது (பொத்தானை அழுத்தாதபோது விலகியிருப்பது), இயல்பில் மூடியது (அழுத்தாதபோது இணைந்திருப்பது). மாற்றிப் போட்டால் முதல் தடவை கதவை மூடியதுமே ஃபியூஸ் போகும். கண்காணிப்பு ஸ்விட்சால் ஃபியூஸ் போயிருந்தால் அதையும் முதல் ஸ்விட்சையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஷார்ட்டான மின்சாரம் முழுவதும் அந்த இரண்டின் முனைகள் வழியாகத்தான் பாய்ந்திருக்கும், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சுட்டிருக்கும்.

ஃபியூஸும் ஸ்விட்சுகளும் சரி, ஆனாலும் உயிர் இல்லை என்றால் வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்சுகளைப் பாருங்கள். மேக்னட்ரான் மேலும் உள்ளறையின் மேலும் வட்ட வில்லை போல ஒட்டியிருக்கும். குளிர்ந்த நிலையில் சுழி ஓம் காட்ட வேண்டும்.

சூடாக்காத ஓவன்

இங்கே நாலு பாகங்கள் மேல்தான் சந்தேகம். எல்லா அளவும் பிளக் பிடுங்கி, கெப்பாசிட்டரை வடித்து, ஒயர்களைக் கழற்றிய பிறகுதான். சில மாடல்களில் ஐந்தாவதாக உயர் அழுத்த ஃபியூஸ் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் ஒயரோடு ஒயராக இருக்கும், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

டயோடு புதியவர்களை ஏமாற்றும். சாதாரண டயோடு போல மீட்டரில் வைத்தால் இரண்டு பக்கமும் திறந்தே காட்டும். காரணம், இதற்குள் பல டயோடுகள் வரிசையாக இருப்பதால் மீட்டரின் சிறு மின்னழுத்தம் அதைத் திறக்கப் போதாது. அதனால் நல்ல டயோடைக் கெட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரி, டயோடு, டிசி வோல்ட்டில் வைத்த மீட்டர் மூன்றையும் வரிசையாக இணைத்துப் பாருங்கள். ஒரு திசையில் சில வோல்ட் காட்டி, திருப்பிப் போட்டால் ஏறக்குறைய ஒன்றும் காட்டாவிட்டால் டயோடு நல்லது. இரண்டு திசையிலும் காட்டினால் ஷார்ட், ஒன்றிலும் காட்டாவிட்டால் அறுந்தது. ஓமில் வைக்கும்போதே இருபுறமும் சுழி காட்டினால் பேட்டரியே தேவையில்லை, போய்விட்டது. புதியதைப் போடும்போது வளைய முனை உடம்புத் திருகுக்குப் போக வேண்டும்.

கெப்பாசிட்டரை ஓமில் வைத்தால் அளவு கீழிருந்து ஏறி 10 மெகா ஓம் பக்கம் நிற்கும். சுழியிலேயே நின்றால் ஷார்ட். அதன் உலோக உடம்புக்கும் முனைகளுக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. மீட்டரில் ஃபாரட் அளக்கும் வசதி இருந்தால் மேலே அச்சிட்ட மதிப்போடு ஒப்பிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. வீட்டு மின்சாரம் வரும் சுருள் சில ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டும். உயர் அழுத்த முனைக்கும் உடம்புக்கும் இடையே பல பத்து ஓமிலிருந்து நூற்றுச் சொச்சம் ஓம்வரை வரும். அங்கே திறந்து காட்டினால் அல்லது கருகிய நாற்றம் அடித்தால் கெட்டது.

கடைசியாக மேக்னட்ரான். அதன் இரண்டு முனைகளுக்கு இடையே ஒரு ஓமுக்கும் குறைவு, முனைக்கும் உலோக உடம்புக்கும் இடையே முற்றிலும் திறந்த நிலை. உடம்போடு கொஞ்சமேனும் கடத்தினால் ஷார்ட். உள்ளே இருக்கும் வளையக் காந்தங்களில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், விரிசல் விட்டாலும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் இந்தச் சோதனைகளில் தேறியதாலேயே மேக்னட்ரான் நல்லது என்று ஆகிவிடாது. வெற்றிடம் குறைந்தாலோ இழை தளர்ந்தாலோ மீட்டர் அதைச் சொல்லாது. மற்ற மூன்றும் தேறி, டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போகும் வழியும் சரியாக இருந்தால்தான் பழி மேக்னட்ரான் மேல் விழ வேண்டும். அதனால்தான் அதைக் கடைசியில் வைத்தேன்.

புதியது வாங்கும்போது பழையதின் உடம்பில் 2எம் என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் பொருந்தினால் மட்டும் போதாது. திருகுத் துளைகளின் அமைப்பு, ஒயர் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது, தகடுகளுக்கு நடுவே காற்று எந்தத் திசையில் போகும் என்ற மூன்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். காற்று குறுக்கே மறிக்கும்படி பொருத்தினால் புதிய மேக்னட்ரான் சூடேறிச் செத்துப்போகும். மேக்னட்ரானிலிருந்து நுண்ணலை வெளியேறும் முனையான ஆன்டெனாவைச் சுற்றி உலோக வலையாலான வளையம் ஒன்று இருக்கும். அது சுருங்காமல், விடுபடாமல் உட்கார வேண்டும், இல்லையென்றால் நுண்ணலை அந்த இடுக்கில் கசியும். பழைய மேக்னட்ரானை உடைத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும், வேண்டாம். சில மேக்னட்ரான்களின் பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு.

பொறி பறக்கிறது, தட்டு சுழலவில்லை

உள்ளே பொறி பறந்தால் பக்கச் சுவரில் இருக்கும் சாம்பல் நிற மைக்கா தகட்டைப் பாருங்கள். எண்ணெய் தெறித்து, கரியாகி, அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கியிருக்கும். அழுக்கு மட்டும் என்றால் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் புதிய தகடு வாங்கிப் பழையதை மேலே வைத்து வரைந்து, கத்தரியால் வெட்டிப் பொருத்துங்கள். தகடு எடுத்த துளை வழியே பார்த்தால் மேக்னட்ரானின் ஆன்டெனா மூடி தெரியும் மாடல்களும் உண்டு. அது உருகியிருந்தால் தகட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. உள்சுவரில் பெயின்ட் பெயர்ந்து துரு தெரிந்தாலும் பொறி வரும். மேல்பரப்புத் துரு என்றால் தேய்த்து மைக்ரோவேவ் பெயின்ட் அடிக்கலாம், தகட்டையே துளைத்துவிட்ட துரு என்றால் அந்த ஓவன் அவ்வளவுதான்.

தட்டு சுழலவில்லையென்றால் மோட்டார் மேல் பாய்வதற்கு முன் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பை எடுத்துப் பாருங்கள், விரிசல் விட்டிருந்தால் மோட்டார் மட்டும் சுழலும். மோட்டார் அடிப்பக்கத்தில் இருக்கும். அதன் மேல் எழுதிய வோல்ட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள்: சில மாடல்களில் வீட்டு மின்சாரத்தில் ஓடுவது, சிலவற்றில் 21 வோல்ட்டில் ஓடுவது. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

திரும்பப் பூட்டியபின்

ஒயர்களைப் படத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கனெக்டரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். உயர் அழுத்த ஒயர் எந்தக் கூர்மையான தகட்டிலும் உரசக் கூடாது. டயோடின் உடம்புத் திருகும் டிரான்ஸ்ஃபார்மரின் திருகுகளும் இறுக்கமாக இருக்க வேண்டும். மீட்டரில் பிளக்கின் எர்த் முனைக்கும் ஓவனின் உலோக உடம்புக்கும் இடையே சுழி ஓம் வருகிறதா பாருங்கள். பிறகு மூடியைப் போட்டு எல்லாத் திருகுகளையும் முடுக்குங்கள்.

கதவை அடுத்துப் பாருங்கள். கீல் ஆடக் கூடாது, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே எங்கும் அழுக்குப் படிந்தோ வளைந்தோ இருக்கக் கூடாது, கண்ணாடிக்குப் பின்னால் உள்ள உலோக வலையில் கிழிசல் கூடாது. நுண்ணலையின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அதனால்தான் அந்தச் சின்னத் துளைகளுக்குள் புகுந்து அதனால் வெளியேற முடிவதில்லை. ஓவனிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. செல்போனை உள்ளே வைத்து மணி அடிக்கிறதா என்று பார்ப்பது கசிவுச் சோதனை ஆகாது. கதவையோ மேக்னட்ரானையோ கழற்றியிருந்தால் கசிவு மீட்டர் உள்ள ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

சூடாக்கும் திறனை நீங்களே அளக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, கலக்கி, வெப்பமானியால் அளந்து குறியுங்கள். முழு பவரில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, உடனே கலக்கி மறுபடி அளங்கள். ஏறிய டிகிரி செல்சியஸை 70 ஆல் பெருக்கினால் வருவது ஏறத்தாழ வாட். 10 டிகிரி ஏறினால் 700 வாட். ஓவனின் பின்பக்க லேபிளில் எழுதியதற்குக் கொஞ்சம் குறைவாக வருவது இயல்பு, பாத்திரமும் சூட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பாதியைக்கூடத் தொடாவிட்டால், மற்ற பாகங்களெல்லாம் தேறியிருக்கும் பட்சத்தில், மேக்னட்ரான் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கிடைத்த வாட் அளவையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஓவனின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள், அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட ஓர் எண் இருக்கும்.